உஷார்! பூட்டிய குளியலறைக்குள் ஃபிலிம் கழுவுகிறார்களா?

இரவு பதினொரு மணிக்கு மேல் உங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு வெகுநேரம் பூட்டியே கிடக்கிறதா? கதவுக்கு அடியில் பழைய துண்டைச் சுருட்டித் திணித்திருக்கிறார்களா? தட்டினால், "லைட்டைப் போட்டுடாதீங்கம்மா, ஃபிலிம் கெட்டுப்போயிடும்" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறதா?

உஷார்!

பிள்ளை தப்பான காரியம் எதுவும் செய்யவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். திட்டாதீர்கள். ஆனால் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். இப்போதே திறக்கச் சொல்லுங்கள்.

ஜோகூரில் நம் பிள்ளைகள் சிலருக்குப் பழைய பெரிய கேமராக்கள் மீது ஆசை வந்திருக்கிறது. முக்காலியில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்து எடுக்கும் கேமரா. அதற்கு ஃபிலிம் சுருளாக வராது, தாள் தாளாக வரும். சிறியது 4க்கு 5 அங்குலம், பெரியது 8க்கு 10 அங்குலம். ஒரு தாளுக்கு ஒரே படம். மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களை 1858இல் லின்னேயஸ் டிரைப் பெரிய காகித நெகட்டிவ்களில் எடுத்தாரே, அந்தப் பரம்பரையில் வந்த வேலை. நல்ல வேலை. பொறுமையைக் கற்றுத் தரும் வேலை. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குறை கழுவுகிற இடத்தில்தான். தாள் ஃபிலிமை எல்லாக் கடைகளும் எடுத்துக் கழுவித் தருவதில்லை. தபாலில் அனுப்பினால் காத்திருக்க வேண்டும், காசும் போகும். அதனால் வீட்டிலேயே கழுவப் பார்க்கிறார்கள். வீட்டில் இருட்டறை ஏது? நம் தாமான் வீடுகளில் கதவைச் சாத்தினால் கும்மிருட்டாகிற ஒரே இடம் குளியலறை. அந்த இடத்தில்தான் ஆபத்து உட்கார்ந்திருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், தாமான் பெயரும் வேண்டாம். ஜோகூர் பாரு பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பையனின் அம்மாவே என்னிடம் சொன்னார். மற்ற வீடுகளுக்குத் தெரியட்டும் என்றுதான் சொன்னார்.

பையனுக்கு வேலை சிங்கப்பூரில். தினமும் பாலத்தைக் கடந்து போய் வருகிறவன். சனிக்கிழமை இரவு மட்டும்தான் அவனுக்குச் சொந்த நேரம். தாள் ஃபிலிம் விலை கட்டுப்படியாகவில்லை என்று எக்ஸ்ரே ஃபிலிம் வாங்கியிருக்கிறான். மருத்துவமனையில் நெஞ்சுக்கூட்டைப் படம் எடுக்கப் பயன்படுத்திய அதே ஃபிலிம்தான். மலிவு, பெரிய அளவில் கிடைக்கும், சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்தே கழுவலாம். ஆசை காட்டுகிற பொருள்.

ஆனால் எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு சங்கடம். மருந்துப் பூச்சு இரண்டு பக்கமும் இருக்கும். படம் கூர்மையாக வர ஒரு பக்கப் பூச்சைக் கரைத்து எடுக்கிறார்கள். எதை வைத்து? துணி வெளுக்க வைத்திருக்கும் பிளீச்சை வைத்து! ஃபிலிமை ஒரு கண்ணாடிமேல் ஒட்டிவைத்து, மேல் பக்கத்தில் பிளீச்சை ஊற்றித் தேய்த்தால் பூச்சு கொழகொழவென்று கழன்று வரும். இணையத்தில் வீடியோ வீடியோவாகக் கிடக்கிறது.

அன்றிரவு குளியலறைத் தரையில் மூன்று தட்டு. ஒன்றில் படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர், அடுத்ததில் அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், கடைசியில் படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்சர். பையன் குந்தி உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறான். படங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன. கழுவி முடித்து விளக்கையும் போட்டுவிட்டான். அதற்கு மேல் இருட்டு தேவையே இல்லை. ஆனாலும் கதவைத் திறக்கவில்லை. அக்காவின் குழந்தை வெளியே தூங்குகிறது, சத்தம் கேட்டு எழுந்துவிடும் என்று நினைத்திருக்கிறான். கதவடியில் திணித்த துண்டும் அப்படியே இருந்தது.

ஒளியை அடைக்கிற துண்டு காற்றையும் அடைக்கும். இதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

ஸ்டாப் பாத்தைத் தரைச் சல்லடையில் சாய்த்தான். அது அசிட்டிக் அமிலம், பாட்டி ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரின் இனம். பாதி சல்லடையில் இறங்கியது, பாதி தரையிலேயே தேங்கி நின்றது. அதன்மேல்தான் கண்ணாடியை வைத்து, ஃபிலிமை ஒட்டி, பிளீச்சை ஊற்றினான். வழிந்த பிளீச் தேங்கிக் கிடந்த அமிலத்தில் கலந்தது.

பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

சாதாரண வாயு இல்லை அது. 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மன் ராணுவம் எதிரிகள் மீது திறந்துவிட்ட வாயு. காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. அதனால் மேலே போகாது, தரையோடு படியும். பையனோ தரையில் குந்தியிருக்கிறான். மூக்கு எங்கே இருக்கிறதோ அங்கேயே விஷம் வந்து நிற்கிறது. நின்றுகொண்டு வேலை பார்க்கிறவனைவிடக் குந்தி உட்கார்ந்தவனுக்கு முதலில் அடிபடும்.

முதலில் நீச்சல் குள வாசனை மாதிரி வந்ததாம். 'பிளீச் வாசனைதானே' என்று விட்டிருக்கிறான். அப்புறம் கண் எரிச்சல். அப்புறம் இருமல். இருமல் நிற்கவில்லை. கதவைத் திறக்கப் போனால் தாழ்ப்பாள் கைக்குப் பிடிபடவில்லை. அம்மா இருமல் சத்தத்தில் விழித்து ஓடிவந்து கதவை இடித்திருக்கிறார். "ஐயா, தொறடா! ஐயா!" எப்படியோ திறந்தவன் வாசற்படியிலேயே முழங்காலிட்டு விழுந்துவிட்டான். கதவு திறந்ததும் வாயு கூடத்துக்கும் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா வெளியே ஓடினாள்.

அவசரப் பிரிவில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "எதோடு எதைக் கலந்தீர்கள்?" பையனால் பேச முடியவில்லை. அம்மாவுக்குத் தெரியாது. வீட்டில் போய் எடுத்து வரலாம் என்றால் பாட்டில்களில் பெயரே இல்லை. எல்லாம் மினரல் வாட்டர் பாட்டில்!

ஆக்சிஜன் கொடுத்து இரவு முழுக்கக் கண்காணிப்பில் வைத்தார்கள். பிழைத்துவிட்டான். மாடிப்படி ஏறினால் இளைப்பு வருவது மட்டும் பல வாரம் போகவில்லை.

இதைப் படித்துவிட்டு "எங்கள் பிள்ளை எக்ஸ்ரே ஃபிலிம் பயன்படுத்துவதில்லை, சாதாரண ஃபிலிம்தான்" என்று நிம்மதியாக மூச்சு விடாதீர்கள். ஃபிக்சர் எல்லா ஃபிலிமுக்கும் வேண்டும். வேகமாக வேலை செய்யும் ஃபிக்சர்களில் இருப்பது அமோனியம் தயோசல்ஃபேட். வேலை முடிந்த பிறகு 'குளியலறை கறையாகிவிட்டதே' என்று யாராவது பிளீச் ஊற்றித் தேய்த்தால் போதும், அங்கேயும் நெஞ்சைப் பிடிக்கும் வாயுக்கள் கிளம்பும். சொல்லப்போனால் மறுநாள் காலையில் குளியலறையைக் கழுவப் போகிற அம்மாதான் அங்கே மாட்டுவார். பிள்ளை என்ன ஊற்றினான் என்று அவருக்குத் தெரியாது. அம்மா என்ன ஊற்றுவார் என்று பிள்ளை நினைத்தும் பார்த்திருக்க மாட்டான்.

ஃபிலிம் கழுவிய குளியலறையில் பிளீச் ஊற்றாதீர்கள். நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். அவ்வளவுதான்.

வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருக்கிறாரா? அமில ஃபிக்சரிலிருந்து சல்ஃபர் டை ஆக்சைடு மெல்ல வெளியே வந்துகொண்டே இருக்கும். மூக்கைக் குத்துகிற அந்த வாடை அதுதான். நல்ல நுரையீரலுக்குச் சின்ன எரிச்சல், ஆஸ்துமா நுரையீரலுக்குத் தாக்குதல். சுருள் ஃபிலிம் மூடிய டப்பாவுக்குள் அரை லிட்டர் மருந்தில் முடிந்துவிடும். தாள் ஃபிலிம் தட்டில் கழுவினால் லிட்டர் கணக்கில் மருந்து வாய் திறந்து கிடக்கும். அந்த வித்தியாசத்தைக் குறைவாக எடை போடாதீர்கள்.

இப்போது ஐஸ் பெட்டிக்கு வாருங்கள். குளியலறையைவிட எனக்குப் பயம் தருவது இதுதான்.

ஃபிலிம் கழுவும் மருந்துகளுக்கு உலகம் முழுவதும் சொல்லும் சூடு 20 டிகிரி. ஜோகூரில் குழாயைத் திறந்தால் 28, 29 டிகிரியில் தண்ணீர் வரும். அவ்வளவு சூட்டில் டெவலப்பர் படபடவென்று வேலை செய்துவிடும், படம் திட்டுத் திட்டாக வரும். அதனால் நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். டெவலப்பரை ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிடுவது! குளிர் நாட்டுக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. நமக்கு வெயில்தான் மருந்தைச் சமையலறைக்குள் கொண்டுவந்து விடுகிறது.

உங்கள் ஐஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் பாட்டில் வரிசையில், சம்பல் டப்பாவுக்குப் பக்கத்தில், பெயர் ஒட்டாத ஒரு பாட்டில் இருக்கிறதா?

டெவலப்பர் கலந்த புதிதில் தண்ணீர் மாதிரி இருக்கும். நாளாக நாளாகப் பழுப்பாகிவிடும். பார்த்தால் தே ஓ. அச்சு அசல் தே ஓ. வெயிலில் விளையாடிவிட்டு ஓடிவரும் பிள்ளை மூடியைத் திறந்து மடக் மடக்கென்று குடிக்கத்தான் செய்யும். ஃபிக்சரோ பார்ப்பதற்குச் சுத்தத் தண்ணீர்.

அந்தப் பழுப்பு நீரில் என்ன இருக்கிறது? கோடாக்கின் டி-76 என்ற டெவலப்பரை எடுத்துக்கொள்வோம். 1927 முதல் உலகமெங்கும் பயன்படுகிற சூத்திரம் அது. ஒரு லிட்டரில் மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், மற்றது சோடியம் சல்ஃபைட்டும் வெண்காரமும். ஹைட்ரோகுவினோன் என்ற பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? முகம் வெளுக்கும் கிரீம்களில் கலந்திருக்கிறது, வாங்காதீர்கள் என்று மலேசிய சுகாதார அமைச்சு அடிக்கடி எச்சரிக்கிறதே, அதே பொருள்தான். தோலில் தடவுவதற்கே கூடாது என்கிறார்கள். வயிற்றுக்குள் போனால்?

வளர்ந்த ஆள் ஒருவருக்கே ஒரு கிராம் உள்ளே போனால் காதில் இரைச்சல், குமட்டல், வாந்தி, மூச்சுத் திணறல், உதடு நீலம் பாய்தல், வலிப்பு வரைக்கும் போயிருக்கிறது. ஐந்து கிராமில் உயிர் போனதாக மருத்துவப் பதிவு உண்டு. கால் லிட்டர் டம்ளரில் எவ்வளவு வருகிறது என்று கணக்குப் போடுங்கள். ஒன்றேகால் கிராம். குடிப்பது ஐந்து வயதுக் குழந்தை என்றால்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். ரப்பர்ப் பால் உறைய வைக்கும் ஆசிட்டையும், புல் கொல்லும் பாராகுவாட்டையும் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்ததால் எத்தனை வீடுகளில் ஒப்பாரி விழுந்தது என்று உங்கள் தாத்தா பாட்டியைக் கேளுங்கள். பாராகுவாட் பழுப்பு நிறத்தில் கோலா மாதிரி இருந்ததால், தெரியாமல் யாரும் குடித்துவிடக் கூடாது என்று அதில் பிறகு நீல நிறம் சேர்த்தார்கள், நாற்றம் சேர்த்தார்கள், குடித்தால் வாந்தி வரவைக்கும் மருந்தும் சேர்த்தார்கள். அப்படியும் போதாமல் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் அதைத் தடையே செய்துவிட்டார்கள். ஃபிலிம் மருந்தில் நீல நிறம் கிடையாது. டெவலப்பரில் நாற்றமும் பெரிதாகக் கிடையாது. எச்சரிக்கை செய்ய அதில் இருப்பது பாட்டிலில் ஒட்டிய லேபிள் ஒன்றுதான். அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு மினரல் வாட்டர் பாட்டிலுக்கு மாற்றினால் அதுவும் போயிற்று.

"நான் ரசாயனம் எதுவும் பயன்படுத்தவில்லை, காபித் தூளில்தான் கழுவுகிறேன்" என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். பொய் இல்லை. 1995இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் கண்டுபிடித்த முறை. காஃபினால் என்று பெயர். காபித் தூள், வாஷிங் சோடா, பிற்பாடு சேர்ந்துகொண்ட வைட்டமின் சி. குளுவாங் காபியிலும் படம் வரும். ஹைட்ரோகுவினோன் இல்லை என்பது நல்லதுதான்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். வாஷிங் சோடா கலந்த நீர் தொண்டையையும் வயிற்றையும் அரித்துவிடும். அது நிறத்திலும் காபி, வாசனையிலும் காபி, இருக்கும் இடம் சமையலறை மேசை! தாத்தா கண்ணாடி போடாமல் வந்து கோப்பையை எடுத்தால் என்ன ஆகும்? அதோடு, காபியில் கழுவினாலும் கடைசியில் ஃபிக்சர் வேண்டும். அதற்குச் சமையலறையில் சரியான மாற்று இல்லை.

இனி, உங்கள் வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

மாவு அளக்கும் தராசு, அளவுக் குவளை, கரண்டி, இறைச்சியில் குத்தும் தெர்மாமீட்டர் இவற்றில் ஏதாவது காணாமல் போய்க் காணாமல் போய்த் திரும்ப வருகிறதா? பொடி மருந்தை அதில் நிறுக்கிறார்கள் என்று அர்த்தம். கழுவி வைத்தாலும் அது இனிச் சமையலுக்கு ஆகாது. பிள்ளையிடமே கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள்.

குளியலறைத் துண்டில், வாஷ் பேசினில், நகக் கண்ணில் பழுப்புக் கறை இருக்கிறதா? கையுறை போடவில்லை என்று அர்த்தம்.

விரல் இடுக்கில் அரிப்பு, சிவப்பு, வெடிப்பு, தோல் உரிதல் இருக்கிறதா? மெட்டால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பிறகு சொட்டுப் பட்டாலும் கிளம்பும். 'பாத்திரம் கழுவும் சோப்பு ஒத்துக்கலை' என்று களிம்பு தடவிக்கொண்டே நாளைக் கடத்தாதீர்கள். தோல் மருத்துவரிடம் ஃபிலிம் கழுவுவதைச் சொல்லுங்கள்.

படுக்கையறையிலிருந்து குளியலறைக்கு ஒயர் போகிறதா? சிவப்பு விளக்குக்காக எக்ஸ்டென்ஷன் இழுத்திருப்பார்கள். ஈரத் தரை, ஈரக் கை, வெறுங்கால், இருட்டு. இதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. பிடுங்குங்கள். பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கு கிடைக்கிறது.

பொட்டலம் பொட்டலமாகப் பெயரில்லாத வெள்ளைப் பொடி தபாலில் வருகிறதா? மலேசியாவில் அபாயமான ரசாயனம் விற்பவர்கள் சிவப்புக் கட்டத்துக்குள் அபாயக் குறி போட்டு, என்ன பொருள் என்று லேபிள் ஒட்ட வேண்டும் என 2013ஆம் ஆண்டு விதிமுறை இருக்கிறது. லேபிள் இல்லாமல் வந்தால் திறக்கவே வேண்டாம். பைரோகலால் என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம். பெரிய கேமராக்காரர்கள் விரும்பும் பழைய மருந்து அது. தோல் வழியாகவே உடம்புக்குள் போய்விடும். ஆரஞ்சு நிறப் பொடி என்றால் பொட்டாசியம் டைகுரோமேட்டாக இருக்கலாம். புற்றுநோய் வரவைக்கும் பொருள். வீட்டுக்குள் அதற்கு இடமே இல்லை.

ஃபிலிம் கழுவிய இரவு பிள்ளை அதிகம் இருமுகிறானா, நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்கிறானா? வெளியே வந்து காற்று வாங்கியதும் சரியாகிவிட்டது என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். குளோரின் மாதிரி வாயு பட்டால் நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் வரும். இரவு நன்றாக இருந்தவனுக்கு விடியற்காலையில் மூச்சு முட்டலாம். மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 'நாளைக்குப் பார்க்கலாம்' வேண்டாம்.

சரி, அப்படியென்றால் இந்த ஆசையையே விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பிள்ளைகளே, நீங்கள் கவனித்துப் படியுங்கள்.

இருட்டு உங்களுக்குச் சில நிமிடம்தான் வேண்டும். ஃபிலிமை டப்பாவுக்குள் போடும் வரைதான் வேண்டும். அதற்குப் பிறகு இருட்டுக்கு வேலையே இல்லை.

சேஞ்சிங் பேக் என்ற கறுப்புப் பை இருக்கிறது. இரண்டு கையையும் உள்ளே விட்டு வேலை பார்க்கலாம். அதற்குள் ஒளி புகாத டப்பாவை வைத்து, தாள்களைப் போட்டு, மூடியைத் திருகிவிட்டால் முடிந்தது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து போடுங்கள். நம் ஊர் புழுக்கத்தில் கை வியர்த்து, ஈரம் ஃபிலிமில் ஒட்டிக்கொள்ளும். 4க்கு 5 தாள்களுக்கென்றே செய்த டப்பாக்கள் விற்கின்றன. ஸ்டியர்மன் பிரஸ்ஸின் எஸ்பி-445 அரை லிட்டருக்கும் குறைந்த மருந்தில் நான்கு தாளைக் கழுவும். பேட்டர்சன் டப்பா ஏற்கெனவே இருந்தால் மாட்-54 என்ற தாங்கியை அதற்குள் பொருத்தி, ஒரு லிட்டரில் ஆறு தாள் கழுவலாம். எதுவும் வாங்க முடியாவிட்டால் தாளைச் சுருட்டி முடி கட்டும் ரப்பர் போட்டு அதே டப்பாவுக்குள் நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

டப்பாவை மூடிய பிறகு துண்டு வேண்டாம், பூட்டு வேண்டாம், சிவப்பு விளக்கு வேண்டாம். எல்லா விளக்கையும் போடுங்கள். ஜன்னலைத் திறந்துவிடுங்கள். பின்கட்டுக்கு எடுத்துப் போய்க் காற்றோட்டத்தில் நின்றுகொண்டு மருந்து ஊற்றுங்கள். தெறித்தால் கண்ணுக்குத் தெரியும். இருட்டில் தெறித்தது கண்ணில் பட்டு எரியும்போதுதானே தெரிகிறது? அப்படிப் பட்டுவிட்டால் குழாய்க்குக் கீழே கண்ணைத் திறந்து வைத்துக் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும்.

சூட்டுக்கு ஐஸ் பெட்டி வேண்டாம். பேசினில் தண்ணீரும் ஐஸ் கட்டியும் போட்டு, அதற்குள் மருந்து பாட்டிலை நிறுத்துங்கள். 20 டிகிரிக்கு இறக்கியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 24 டிகிரிக்கு இறக்கினால் போதும், நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். 20 டிகிரியில் 8 நிமிடம் ஆகும் வேலை 24 டிகிரியில் ஏறத்தாழ ஐந்தரை நிமிடம். ஃபிலிம் தயாரிப்பாளர்களே அட்டவணை போட்டுத் தருகிறார்கள். ஐந்து நிமிடத்துக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், படம் சமமாக வராது.

ஸ்டாப் பாத்துக்குப் பதில் வெறும் தண்ணீரால் அலசலாம். கறுப்பு வெள்ளைக்கு அதுவே போதும். வீட்டில் ஓர் அமிலம் குறைந்தது. அப்படியும் அமிலம்தான் வேண்டும் என்றால், செறிந்த அசிட்டிக் அமிலத்தின்மேல் ஒருநாளும் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். பொடியாக வாங்கிக் கலக்காமல் திரவமாகவே வாங்கினால் தூசி மூக்கில் ஏறாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பொடி கலக்கும் வேலையே வேண்டாம். ஹைட்ரோகுவினோன் இல்லாத டெவலப்பர் வேண்டுமா? 1996இல் வந்த எக்ஸ்டால் வைட்டமின் சி வகையைச் சேர்ந்தது. அதற்கு மாறுங்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள். எக்ஸ்ரே ஃபிலிமில் பிளீச் போடும் வேலையை வீட்டுக்குள் செய்யவே செய்யாதீர்கள்.

பாட்டில்களைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் பெயர், கலந்த தேதி, "விஷம்" என்ற சொல். தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். வீட்டுக்கு உதவிக்கு வருகிறவர்களுக்கும் புரிய வேண்டும்.

பழைய ஃபிக்சரை லோங்காங்கில் ஊற்றாதீர்கள். ஃபிலிமிலிருந்து கரைந்த வெள்ளி அதில் இருக்கிறது. மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் அது நஞ்சு. மலேசியச் சட்டத்தில் புகைப்பட ரசாயனக் கழிவு எஸ்டபிள்யூ 423 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவாகவே பட்டியலில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு விதிமுறை. கேனில் சேர்த்து வைத்து, ஃபிலிம் கழுவும் கடைகளிடம் எடுத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். ஜோகூர்க்காரர்களுக்கு நான் கிம் கிம் ஆற்றை ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. 2019 மார்ச் 7இல் பாசிர் கூடாங்கில் யாரோ ரசாயனக் கழிவை அந்த ஆற்றில் கொட்டினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூச்சு முட்டி, வாந்தி எடுத்து வரிசையாக விழுந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். 111 பள்ளிகளை மூடினார்கள். அது தொழிற்சாலைக் கழிவு, ஃபிலிம் மருந்து இல்லை. அளவும் வேறு. ஆனால் ரசாயனம் காற்றோடு வகுப்பறைக்குள் வந்ததைப் பார்த்த ஊர் இது. நம் வீட்டிலிருந்து ஒரு சொட்டும் அப்படிப் போகக் கூடாது.

கடைசியாக, ஏதாவது ஆகிவிட்டால் செய்ய வேண்டியது.

வாயு என்றால் முதலில் ஆளை வெளியே கொண்டுவாருங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு நீங்கள் உள்ளே போய்க் கொட்டிய மருந்தைத் துடைக்கவோ தண்ணீர் ஊற்றவோ நிற்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் விழுந்துவிடுவார். ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள்.

குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், விரலை விட்டு எடுக்க வைப்பது, எதுவும் வேண்டாம். உள்ளே போகும்போது அரித்த மருந்து வெளியே வரும்போதும் அரிக்கும். வாயை மட்டும் கழுவிவிட்டு, பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அந்தப் பாட்டில் மருத்துவருக்கு ஆயிரம் கேள்வியை மிச்சப்படுத்தும்.

மூச்சுத் திணறல், வலிப்பு, மயக்கம் என்றால் உடனே 999. என்ன ரசாயனம், என்ன செய்வது என்று கேட்க பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தின் இலவச எண் 1-800-88-8099. இரண்டையும் ஒரு தாளில் எழுதி இன்றிரவே குளியலறைக் கதவில் ஒட்டிவிடுங்கள். ஒட்டும்போது பிள்ளையையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.